கைபேசிக்குள் ஊரடங்கு

2018 மே 22, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தின் 100ஆவது நாள். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன மக்கள்மீது காவல்துறை சுட்டது. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 உயிர்கள் போயின. மே 23 அன்று தமிழ்நாடு அரசின் உள்துறையிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய 3 மாவட்டங்களிலும் மே 27 வரை இணையச் சேவையை நிறுத்த வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு ஆணை. சமூக ஊடகங்களில் வதந்தி பரவுகிறது, கூட்டம் சேர்க்கப்படுகிறது என்று காரணம் சொல்லப்பட்டது.

அந்த 3ஆவது மாவட்டத்தில் இருக்கிறது பூதப்பாண்டி. தாடகை மலைக்கு அருகே, பழையாற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும் ஊர். பூதலிங்கசுவாமி கோயில் இருக்கும் ஊர், தோவாளை வட்டத்தின் தலைமையிடம். தூத்துக்குடியிலிருந்து சாலை வழியாக 100 கிலோமீட்டருக்கு மேல். ஸ்டெர்லைட் ஆலையின் புகை எட்டாத தூரம் அது. அங்கும் நெட் நிற்க வேண்டும் என்பதுதான் உத்தரவு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் அதே மே 23 அன்றுதான். பொறியியல் கலந்தாய்வு முதன்முறையாக முழுக்க இணையவழிக்கு மாறியதும் அந்த ஆண்டுதான். அதற்கான பதிவு நடந்துகொண்டிருந்த மாதம் அது. தோவாளைச் சந்தையில் பூ வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரி, வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனோடு ராத்திரி வீடியோவில் பேசும் தாய், மதிப்பெண் பார்க்கக் காத்திருந்த பிள்ளை என எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே உத்தரவு.

ஓர் அரசு இவ்வளவு தள்ளியிருக்கும் ஊரின் இணையத்தை ஏன் நிறுத்துகிறது? மக்கள் திரள்வதில் இணையத்தின் பங்கு என்ன என்பது பற்றி அரசுகளுக்கு ஒரு கணிப்பு உண்டு. அந்தக் கணிப்பில் ஒரு பாதி சரி, மறு பாதி தவறு என்று 40 ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது தெரிகிறது. தவறான பாதிதான் பூதப்பாண்டி வரை வந்தது.

இணையத்தை நிறுத்துவது என்றால் டவரை அணைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். டவரை அணைத்தால் ஆம்புலன்ஸுக்கும் கூப்பிட முடியாது, காவல்துறைக்கே பேச முடியாது. அதனால் டவர் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு டவருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பல டவர்களைச் சேர்த்து ஒரு பகுதியாக நிறுவனத்தின் மையக் கணினி வைத்திருக்கும். நம் கைபேசி அனுப்புகிற ஒவ்வொரு தரவுத் துண்டும் டவரிலிருந்து அந்த மையத்துக்குப் போய், அங்கே உள்ள ஒரு வாசல் கணினியைத் தாண்டித்தான் வெளி இணையத்துக்குள் நுழைகிறது. உத்தரவு வந்ததும், இன்ன இன்ன டவர்களின் கீழிருந்து வரும் தரவை வெளியே விடாதே என்று மையத்தில் கட்டளை எழுதிவிடுகிறார்கள். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் வேறு பாதை. 4ஜி-யில் பேச்சும் தரவாகத்தான் போகிறது என்றாலும் அதற்கென்று தனி இணைப்பு ஒதுக்கப்பட்டிருப்பதால் அதை விட்டுவைத்து மற்றதை அடைக்க முடியும். அதனால் கைபேசியில் சிக்னல் கோடு முழுதாகத் தெரியும், அழைப்பு போகும், வாட்ஸ்அப்பில் மட்டும் செய்திக்குப் பக்கத்தில் கடிகாரக் குறி நின்றபடி இருக்கும்.

சரி, வதந்தியை மட்டும் நிறுத்தக் கூடாதா? முடியாது என்பதுதான் இதில் முக்கியமான தொழில்நுட்ப உண்மை. 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் செய்திகள் அனைத்தும் அனுப்புகிறவர் கைபேசியில் பூட்டப்பட்டு, பெறுகிறவர் கைபேசியில்தான் திறக்கப்படுகின்றன. நடுவில் இருக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தரவு போவது தெரியும், அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு பொய்ச் செய்தியும், மகன் அனுப்பிய பணம் வந்துவிட்டது என்ற தகவலும் அதற்கு ஒன்றுதான். உள்ளே பார்க்க முடியாததால், நிறுத்துவதென்றால் மொத்தமாகத்தான் நிறுத்த முடியும். நம் அந்தரங்கத்தைக் காக்கிற அதே பூட்டு, அரசின் கையில் மிக மொண்ணையான ஆயுதத்தை மட்டும் மிச்சம் வைக்கிறது. பூட்டைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. பூட்டு இல்லாத இணையத்தில் போராட்டக்காரரும் பத்திரிகையாளரும் பாதுகாப்பாக இயங்குவது கடினம்.

இப்போது அரசின் கணிப்பில் சரியாக இருக்கும் பாதிக்கு வருவோம். இணையம் உண்மையிலேயே கூட்டத்தைச் சேர்க்கிறது. எப்படிச் சேர்க்கிறது என்பதை விளக்குகிற ஒரு கணக்கை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல், இணையம் பொதுமக்கள் கைக்கு வருவதற்கு வெகு முன்பே, போட்டுக் காட்டினார்.

ஓர் ஊரில் 100 பேர் ஒரு குறையால் கொதித்துப்போயிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் இறங்கலாமா என்பதை ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ‘நீ போறியா மக்கா?’ என்று கேட்டால், ‘அவனுவ போனா நானும் வாறேன்’ என்பதுதான் பதில். ஒருவர் யாருமே வராவிட்டாலும் இறங்குவார். அடுத்தவர் தனக்கு முன் 1 ஆள் இறங்கினால் இறங்குவார். அதற்கடுத்தவருக்கு 2 ஆள் வேண்டும், அடுத்தவருக்கு 3. இப்படியே 100ஆவது ஆளுக்கு 99 பேர் முன்னால் இறங்கியிருக்க வேண்டும். இந்த ஊரில் முதல் ஆள் இறங்கியதும் சங்கிலிபோல் 100 பேரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். இப்போது ஒரே ஒருவரை மட்டும் மாற்றுங்கள். 1 ஆள் போதும் என்றிருந்தவர், 2 பேர் இறங்கட்டும் பார்க்கலாம் என்று நினைக்கிறார். முதல் ஆள் இறங்குகிறார். 1 ஆளைப் பார்த்து இறங்கக்கூடியவர் ஊரில் இல்லை. சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது. 100 பேர் இறங்கிய ஊருக்கும் 1 ஆள் மட்டும் தனியாக நின்ற ஊருக்கும் கோபத்தின் அளவில் வித்தியாசமே இல்லை.

அதனால் ஓர் ஊர் அமைதியாக இருப்பதை வைத்து அங்கே குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்பது தெரியாததாலும் ஊர் அமைதியாக இருக்கும். இன்னொரு படி மேலே போக வேண்டும்: அவர் நினைப்பது எனக்குத் தெரிந்தால் போதாது, எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிய வேண்டும். இதைப் பொது அறிதல் என்று சொல்லலாம். குமரிக் கடற்கரை ஊர்களில் வேளை தவறி அடிக்கிற கோயில் மணிக்கு இருக்கும் பலம் இதுதான். மணி சத்தத்தில் செய்தி எதுவும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த சில நிமிடத்தில் மொத்த ஊரும் முற்றத்தில் நிற்கும்.

2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க அந்த மணி கைபேசிக்குள் அடித்தது. ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2014 மே மாதத்தில். மாடு வளர்க்கிறவர்களின் வருத்தம் ஏறக்குறைய 3 ஆண்டுகள் அப்படியே இருந்தது. 2017 பொங்கலை ஒட்டி அலங்காநல்லூரில் மக்கள் உட்கார்ந்தார்கள். ஜனவரி 17 அன்று சென்னை மெரினாவில் சில நூறு பேர் கூடினார்கள். அந்தப் படங்கள் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் போயின. அடுத்த சில நாட்களில் கடற்கரை கொள்ளாத கூட்டம். ஜியோ சிம் வந்து 5 மாதம்கூட ஆகவில்லை. டேட்டா இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. கிரானோவெட்டர் கணக்கில் சொன்னால், 50 பேர் இறங்கட்டும் என்று காத்திருந்தவரும் 500 பேருக்காகக் காத்திருந்தவரும் தங்கள் எண்ணிக்கை நிறைந்துவிட்டதைத் தங்கள் கையிலேயே பார்த்தார்கள். ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது, 23 அன்று சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது.

இது ஒரு நிகழ்வை வைத்து நாம் ஊகிப்பது மட்டும்தானா? ரஷ்யாவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். விகே என்பது ரஷ்யர்களின் முகநூல். அதைத் தொடங்கியவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர். அவருடன் படித்தவர்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்களோ அந்த ஊர்களில் விகே முன்கூட்டியே பரவியது. ஊரின் அரசியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தற்செயல்தான். அந்தத் தற்செயலைப் பயன்படுத்தி எனிகோலோபோவ், மகாரின், பெட்ரோவா ஆகிய 3 பொருளியலாளர்கள் 2011 தேர்தலுக்குப் பின் நடந்த போராட்டங்களை ஆராய்ந்தார்கள். விகே பயன்பாடு 10 சதவீதம் கூடுதலாக இருந்த ஊர்களில் போராட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 19 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்த ஆய்வில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த முடிவு. விகே அதிகம் இருந்த ஊர்களில் அரசின்மீது வெறுப்பு கூடவில்லை. ஆதரவுதான் சற்றுக் கூடியிருந்தது. மனத்தை மாற்றித் தெருவுக்குக் கொண்டுவரவில்லை இணையம். ஏற்கெனவே மனம் கொதித்திருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க ஆகும் செலவைக் குறைத்தது. பாதிப் பேர் விகே-யிலும் பாதிப் பேர் முகநூலிலும் சிதறிக் கிடந்த நகரங்களில் கூட்டம் குறைவாக வந்தது என்பதும் அதையே உறுதி செய்கிறது.

ஆகவே இணையத்தில் சிலர் தூண்டிவிட்டு ஊரைக் கெடுக்கிறார்கள் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது. குறை இல்லாத இடத்தில் செய்தியை அனுப்பிக் கூட்டம் சேர்ப்பது மிகக் கடினம். அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2010 நவம்பர் 2, அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாள். முகநூல் 6 கோடியே 10 லட்சம் பேரை வைத்து ஒரு சோதனை நடத்தியது. பெரும்பாலானோருக்கு, ‘நான் ஓட்டுப் போட்டுவிட்டேன்’ என்று சொன்ன நண்பர்களின் முகங்களைக் காட்டியது. சிலருக்கு முகம் இல்லாத வெறும் அறிவிப்பு. மிச்சம் சிலருக்கு எதுவுமில்லை. பிறகு வாக்குப்பதிவு ஏடுகளோடு ஒப்பிட்டார்கள். வெறும் அறிவிப்பைப் பார்த்தவர்களுக்கும் எதையும் பார்க்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. நண்பர் முகத்தோடு வந்த அறிவிப்பு, நேரடியாகவும் நண்பர்கள் வழியாகவும் சேர்த்து, ஏறக்குறைய 3 லட்சத்து 40 ஆயிரம் கூடுதல் வாக்குகளைக் கொண்டுவந்தது. அதில் பெரும்பங்கு நெருங்கிய நண்பர்கள் வழியாக வந்தது. நேரில் பழகக்கூடிய மனிதர்கள்தான் நகர்த்தினார்கள். திரையில் மட்டும் தெரிந்தவர்களால் நகர்த்த முடியவில்லை.

தூத்துக்குடிப் போராட்டத்தின் கதையும் இப்படித்தான் இருக்கிறது. 2018 பிப்ரவரி 12 அன்று அ.குமரெட்டியபுரம் என்ற கிராமத்தில் ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து மக்கள் உட்கார்ந்தார்கள். மார்ச் 24 அன்று தூத்துக்குடி நகரத்தில் பெருங்கூட்டம் திரண்டபோது சமூக ஊடகங்கள் அதை உலகமெங்கும் கொண்டுபோயின. லண்டனில், ஆலையின் உரிமையாளரான வேதாந்தா நிறுவனத் தலைவரின் வீட்டு முன்னால் தமிழர்கள் நின்றார்கள். ஆனால் அந்த எதிர்ப்பு 2018இல் பிறந்ததில்லை. 1990களின் நடுவிலேயே மீனவர்கள் படகுகளோடு கடலில் இறங்கி ஆலைக்கு வந்த கப்பலை மறித்திருக்கிறார்கள். 2013இல் வாயுக் கசிவு, தற்காலிக மூடல், உச்ச நீதிமன்றம் விதித்த 100 கோடி ரூபாய் அபராதம் எல்லாம் நடந்திருக்கின்றன. தெருவுக்குத் தெரு இருமலும், ஊருக்கு ஊர் வழக்கும் இருந்தன. ஆலைக்கு எதிராக 20 ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக நின்றவர்கள் அங்கே இருந்தார்கள். மெரினாவின் கூட்டம் ஒரு வாரத்தில் கலைந்தபோது, போராட்டம் முடிந்தது என்று எல்லார் சார்பிலும் சொல்லக்கூடிய ஓர் ஆள்கூட அங்கே இல்லை. குமரெட்டியபுரத்துக்காரர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் ஒரே ஊர்க்காரர்கள்.

இந்த வேறுபாட்டைச் சமூகவியலாளர் டேமன் சென்டோலா 2010இல் சோதனையாகச் செய்து காட்டினார். ஒரு தகவல் பரவுவதற்குத் தூரத்துப் பழக்கம் போதும்; ஒருவர் சொன்னால் தெரிந்துவிடும். ஒரு செயல் பரவ அது போதாது. புதிய ஒன்றைச் செய்ய மனிதருக்கு 2 பேர், 3 பேரிடமிருந்து, அதுவும் ஒருவரையொருவர் அறிந்த 2, 3 பேரிடமிருந்து, திரும்பத் திரும்ப உறுதி வேண்டும். அவர் சோதனையில் ஒருவரோடொருவர் இணைக்கப்பட்ட நெருக்கமான வலையில் புதிய பழக்கம் 54 சதவீதம் பேரை எட்டியது. தூரத்துத் தொடர்புகளால் ஆன வலையில் 38 சதவீதம் மட்டுமே. போராட்டத்தில் உட்காருவது செயல். அதைப் பற்றித் தெரிந்துகொள்வது தகவல்.

பூதப்பாண்டிக்காரர்களுக்கு நெருக்கமான வலை எப்படி உருவாகிறது என்று வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1907இல் இந்த ஊரில் பிறந்த ப. ஜீவானந்தம், அந்த வலையைத் தமிழ்நாடு முழுக்கப் பின்னியவர். மேடை மேடையாகப் பேசினார். 1937இல் தொடங்கிய ஜனசக்தியின் ஆசிரியரானார், 1959இல் தாமரை இதழைத் தொடங்கினார். 1930களில் பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழில் மொழிபெயர்த்ததற்காகக் கைதானார். அந்தக் காலத்து அரசு ஒரு நூலைத் தேடியது, ஓர் அச்சகத்தைத் தேடியது, மொழிபெயர்த்தவரைப் பிடித்தது. அது கொடுமைதான். ஆனால் ஒரு நூலுக்காக 3 மாவட்டங்களின் தபாலை நிறுத்தவில்லை.

இன்னோர் உதாரணமும் இதே மண்ணில் இருக்கிறது. திருவிதாங்கூரின் தெற்கு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கேட்டு 1940களின் நடுவில் தொடங்கிய போராட்டம், மார்ஷல் நேசமணி தலைமையில் வளர்ந்து, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டைச் சந்தித்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுக்கு வந்தன. 10 ஆண்டுக்கு மேல் ஒரு கோரிக்கையை விடாமல் பிடித்திருக்கத் துண்டறிக்கையும் கூட்டமும் நடைபயணமும் போதுமாக இருந்தன. அந்தப் 10 ஆண்டுகளைச் சுருக்க இணையத்தால் முடியும். அந்தப் 10 ஆண்டுகளில் மனிதர்களுக்கிடையே உண்டாகும் நம்பிக்கையைச் சுருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

வதந்தி என்ற காரணத்துக்கு வருவோம். அதைப் பொய்க் காரணம் என்று நான் ஒதுக்க மாட்டேன். தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டுக்கு 2 வாரம் முன்பு, அதே 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தைக் குழந்தை கடத்துகிறவர்கள் என்று நினைத்து ஊர்மக்கள் தாக்கினார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். அந்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய கடத்தல் வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்டது. கடைசியில் வரும் விளக்கத்தை வெட்டிவிட்டு யாரோ அனுப்பினார்கள். ஆளைக் கொல்லும் பொய்கள் உண்டு.

பொய் ஏன் முந்துகிறது என்பதற்கும் விடை இருக்கிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1 லட்சத்து 26 ஆயிரம் செய்திகளை எம்ஐடி ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட முடிவுப்படி, பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆவதற்கான வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப்போல் 6 மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிப் பார்த்தும் முடிவு மாறவில்லை; பரப்பியவர்கள் மனிதர்கள்தான். பொய் புதுமையாக இருந்தது, ஆச்சரியத்தையும் அருவருப்பையும் கிளப்பியது என்கிறது ஆய்வு.

பரவல் ஒரு பெருக்கல். ஒரு செய்தியைப் பெறுகிற ஒவ்வொருவரும் சராசரியாக 1 ஆளுக்கு மேல் அனுப்பினால் அது பெருகிக்கொண்டே போகும். 1-க்குக் கீழே போனால் தானாகவே தேய்ந்து நின்றுவிடும். கொரோனா காலத்தில் நாம் தினமும் கேட்ட அதே எண்தான். இதில் தெரிகிற வழி என்னவென்றால், செய்தியைப் படிக்காமலே, பூட்டைத் திறக்காமலே, அந்தச் சராசரியைக் குறைக்கலாம். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 அரட்டைகளுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளை ஒரு நேரத்தில் 1 அரட்டைக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கியது. அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே பிறகு அறிவித்தது. இது முழுத் தீர்வு இல்லை. பிரேசில் ஆய்வாளர்கள் செய்த கணிப்பொறிச் சோதனையில், இத்தகைய வரம்பு பரவலைத் தாமதப்படுத்தியது, ஆனால் மிகக் கவர்ச்சியான பொய்யைத் தடுக்கவில்லை. ஆனாலும் தாமதம் பெரிய விஷயம். வட்டாட்சியரோ, காவல் ஆய்வாளரோ, ஊர்ப் பெரியவரோ அது பொய் என்று சொல்லிவிட அந்த இடைவெளி போதும்.

முழு முடக்கம் கெடுப்பது அந்த இடைவெளியைத்தான். வதந்தி வாய் வழியாகவும் ஓடும், தொலைபேசி அழைப்பிலும் ஓடும். 1,000 பேருக்கு ஒரே நேரத்தில் மறுப்புச் சொல்லும் வழிதான் மூடப்படுகிறது. பூதப்பாண்டியிலிருந்து தூத்துக்குடிக்குப் படிக்கவோ வேலைக்கோ போன பிள்ளை அழைப்பை எடுக்காத வீட்டில், கேள்விப்பட்டதெல்லாம் உண்மையாகத்தான் தோன்றும். ஜான் ரைட்சாக் என்ற ஆய்வாளர் 2016இல் இந்தியாவில் நடந்த முடக்கங்களையும் போராட்டங்களையும் நாள்வாரியாக வைத்துப் பார்த்தார். அமைதியான போராட்டங்களில் தெளிவான மாற்றம் தெரியவில்லை. வன்முறைப் போராட்டங்கள் முடக்கத்தை ஒட்டிக் கூடியிருந்தன. கொதிப்பு இருக்கும் இடத்தில்தான் முடக்கமும் வரும் என்பதால் எது காரணம், எது விளைவு என்பதில் கவனம் வேண்டும். ஆனால் குறைந்தபட்சம், முடக்கினால் அடங்கும் என்ற எதிர்பார்ப்புக்கு அந்தத் தரவில் ஆதரவு கிடைக்கவில்லை. எகிப்து இன்னும் தெளிவான பாடம். 2011 ஜனவரி 28 அன்று முபாரக் அரசு நாடு முழுக்க இணையத்தை நிறுத்தியது. நவீத் ஹசன்பூரின் ஆய்வுப்படி, அதுவரை தஹ்ரீர் சதுக்கத்தை மையமாகக் கொண்டிருந்த போராட்டம் கெய்ரோவின் பல தெருக்களுக்கும் சிதறிப் பரவியது. வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடப்பதை அறிய வெளியே வருவதைத் தவிர வழியில்லாமல் போனது. 2 வாரத்தில் முபாரக் பதவி விலகினார்.

குமரி மாவட்டத்துக்குச் செய்தி கிடைக்காமல் போவது எவ்வளவு கொடியது என்பது 2018 மே மாதத்துக்கு முன்பே தெரியும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்களை எந்த எச்சரிக்கையும் எட்டவில்லை. கரையிலிருந்து சில கடல் மைல் போனதுமே டவர் எல்லை முடிந்துவிடும். காணாமல்போனவர்களின் எண்ணிக்கையில் அரசு சொன்னதும் ஊர்கள் வீடு வீடாகத் திரட்டியதும் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்ததற்கு அந்த எண்ணிக்கை முரண்பாடும் ஒரு காரணம். ஊர் திரட்டிய பட்டியல் மறுநாளே எல்லார் கைபேசியிலும் இருப்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் உயர்ந்த பயன். அதையும் சேர்த்துத்தான் ஒரு முடக்க உத்தரவு நிறுத்துகிறது.

இப்போது நாட்டில் செல் ஒலிபரப்பு என்ற எச்சரிக்கை முறை வந்திருக்கிறது. 2023இல் பலரின் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். அதன் சோதனை ஓட்டம்தான் அது. டவர் தன் கீழுள்ள எல்லாக் கைபேசிக்கும் எண் பார்க்காமல் ஒரே செய்தியை வீசும். டேட்டா தேவையில்லை, அதனால் இணையம் முடங்கியிருந்தாலும் வேலை செய்யும். புயலுக்கு இது பெரும் வரம். கூடவே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முடக்க நாட்களில் அரசு மக்களிடம் பேசலாம், மக்கள் ஒரே நேரத்தில் பலரோடு பேச முடியாது. வதந்தியை மறுக்கத்தான் முடக்கம் என்றால், மறுப்புச் செய்தியை இப்படி அனுப்பிவிட்டு இணையத்தைத் திறந்தே வைக்கலாமே?

சட்டம் இங்கே வெகுதூரம் பின்தங்கித்தான் வந்தது. 2018இல் 4ஜி-யை நிறுத்தப் பயன்பட்டது 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டம், அதன்கீழ் 2017 ஆகஸ்டில் எழுதப்பட்ட விதிகள். காஷ்மீர் முடக்கம் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி நீட்டிக்கக் கூடாது, தேவைக்கு மிஞ்சக் கூடாது என்றது. அதன் பிறகும் 2023 வரை, உலகிலேயே அதிக முடக்கங்கள் நடந்த நாடாக ஆண்டுதோறும் இந்தியாவே இருந்தது. 2024 நவம்பரில் வந்த புதிய விதிகள் ஓர் உத்தரவுக்கு 15 நாள் உச்சவரம்பு வைத்து, எந்தப் பகுதி, என்ன காரணம் என்று வெளியிடச் சொல்கின்றன. எந்தப் பகுதி என்ற கேள்விதான் பூதப்பாண்டிக்கு முக்கியம்.

2018இல் அந்தக் கேள்வியை எழுப்பியது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. தூத்துக்குடிக்கு வெளியே, நெல்லையிலும் குமரியிலும் ஏன் நிறுத்தினீர்கள் என்று அது கேட்ட பிறகு, 27ஆம் தேதிக் கெடுவுக்கு முன்பே அந்த 2 மாவட்டங்களிலும் இணையம் திரும்பியது. 2017 விதிகளின்படி ஒரு முடக்க உத்தரவு நியாயமானதா என்று பார்க்க வேண்டிய மறுஆய்வுக் குழு, உத்தரவு வந்து 5 வேலை நாட்களுக்குள் கூடினால் போதும். உத்தரவு வந்தது புதன்கிழமை. அது முடிவதாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை. குழு கூடுவதற்கு அடுத்த புதன்கிழமை, மே 30 வரை, நேரம் இருந்தது.